செக்கர் வைத்த அடையாளம்

தெருவில் அவரை எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த உத்தியோகம். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், குடையை விரித்துப் பார்ப்பார், முதலாளியின் மைத்துனர் காரில் போனாலும் டிக்கியைத் திறக்கச் சொல்வார். அதனால் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவர் நின்ற வாசலைத் தாண்டி ஒரு போல்ட்கூடக் களவு போனதில்லை என்கிற பேர் மட்டும் கிடைத்தது. சம்பளத்தைவிட அந்தப் பேரைத்தான் அவர் பெரிதாக நினைத்தார்.

ஓய்வு பெற்றது உடம்புதான். கண் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். எண்ணெய் பாட்டிலில் எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று நகத்தால் ஒரு கோடு கிழித்து வைப்பார். இஸ்திரிக்குப் போன சட்டை திரும்பி வந்தால், தன்னுடைய பொத்தான்தானா என்று பார்ப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி முதல்முதலா என்னைப் பார்த்தப்பவே, போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்த மனுஷன்" என்று அவர் மனைவி சொல்வாள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சரிபார்த்து வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

இப்படிப்பட்ட வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக ஒருவன் வந்து சேர்ந்தான். வந்தவன் என்ன செய்வான், பாவம்!

நல்ல பையன்தான். சின்ன வயதில் சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவன், அதனால் குரல் எப்போதும் ஒரு படி இறங்கியே இருக்கும். ஒற்றை மகளைப் பிரிய மனமில்லாமல் செக்கரே அவர்களைத் தன் வீட்டில் இருக்கச் சொன்னார். உள்ளறையில் ஒரு மேஜை போட்டு, கம்ப்யூட்டர் வைத்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை செய்தான். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரிப் படமாக்கிக் கொடுப்பது அவன் தொழில். ஜன்னல், சோபா, சுவரில் விழும் வெயில் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் வெறும் பொட்டல். செக்கருக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. "இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறதுதான் தொழில்னா, அந்த ஆளை எப்படிம்மா நம்புறது?" என்று ஒருநாள் மகளிடம் கேட்டும் விட்டார். மகள் அவர்மேல் ஒரு பார்வையை வீசிவிட்டுப் போனாள். அவளுக்கும் அப்பாவின் கண்தான்; கோபம் வந்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருந்தது. பெட்டிக்குள் தடித்த பலகை மாதிரி படுத்துக் கிடக்கும், விசிறி வைத்தது. அதன் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்கள் மதர்போர்டு என்கிற அடிப்பலகையின் இடுக்கில் போய்க் கடித்துக்கொண்டால்தான் திரையில் படம் வரும். பழைய கார்டு செத்துப்போனபோது புதுசை வாங்கிக் கொடுத்தவர் செக்கர். பாசம் பாதி, தான் வாங்கிக் கொடுத்தது என்கிற பெருமை பாதி. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம், வங்கி லாக்கரைப் பார்க்கிற மாதிரி அதை ஒரு பார்வை பார்ப்பார்.

ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும், முன்பின் தெரியாத ஒரு ஆளும் குனிந்து உள்ளே கை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஃபிரெண்டு மாமா. தூசி அடைச்சிருந்துச்சு, தட்டிட்டிருக்கோம்" என்றான் மாப்பிள்ளை.

தூசி தட்ட ஒரு ஆளா? இந்த வீட்டில் துடைப்பம் இல்லையா? வந்தவன் தோளில் ஒரு பை. அதன் ஜிப் முழுக்க இழுத்து மூடியிருந்தது. அதைத் திறக்கச் சொல்லும் வார்த்தை செக்கரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்றதால் விழுங்கினார். அந்த ஆள் போன பிறகு மேஜையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தது. அவர் அனுபவத்தில், மிச்சம் கிடக்கும் ஸ்க்ரூ என்றால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். ஆனால் செக்கரைக் கேட்டால், மஞ்சளாய் இருந்த எத்தனையோ பொருளை மஞ்சள் என்று சரியாகக் கண்டுபிடித்தவன் நான் என்பார். அதுவும் பொய்யில்லை. அங்கேதான் சிக்கல்.

தொழிற்சாலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரோ பம்போ பழுதுபார்க்க வெளியே போகும்போது, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அதில் ஒரு அடையாளம் வைப்பார். போன பொருளே திரும்பி வந்ததா, நல்லதை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டி அனுப்பிவிட்டார்களா என்று அந்த அடையாளம் சொல்லிவிடும். அப்படிச் சில பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளை மாப்பிள்ளைக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "திருடன் கண்ணு போற இடத்துல அடையாளம் வைக்கக் கூடாது மாப்பிள்ளை. துடைச்சிடுவான். அவன் நினைச்சே பார்க்காத இடத்துல வைக்கணும்." எந்த இடம் என்று மட்டும் சொல்ல மாட்டார். தொழில் ரகசியம்.

அடுத்து மற்ற மூன்று பேரும் துணிக்கடைக்குக் கிளம்பிய மத்தியானம், செக்கர் தலை வலிக்கிறது என்று வீட்டில் தங்கிவிட்டார். தகட்டைக் கழற்றினார். மாப்பிள்ளை செய்ததைப் பார்த்து வைத்திருந்ததால் கொக்கியை அழுத்திக் கார்டை வெளியே எடுக்கவும் தெரிந்தது. வாங்கிய அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணும் கார்டில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. நியாயமாக அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இன்றைக்கு மாறவில்லை, சரி. நாளைக்கு மாறாது என்று என்ன நிச்சயம்? ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து இன்னொன்றில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மகளின் அலமாரியில் நிறமே இல்லாத நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து, எங்கே வைக்கலாம் என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கப் பற்கள் கண்ணில் பட்டன. இடுக்குக்குள் போய்விட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாத இடம். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? பற்களின்மேல் அழகாக ஒரு இழுப்பு இழுத்தார். காய்ந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு பளபளப்பு. திருப்தியாகக் கார்டை மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கி, பாட்டிலையும் இறுக்கி மூடி இருந்த இடத்தில் வைத்தார்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. சின்னச் சின்ன வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் ஒழுங்காகவே ஓடியது. பிறகு மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய கட்டடக்காரரிடமிருந்து வேலை வந்தது. ஒரு குடியிருப்பு முழுவதையும் படமாக்க வேண்டும். சரியாகச் செய்து கொடுத்தால் தொடர்ந்து வேலை. அதை ஓடவிட்ட அன்றுதான் வினை ஆரம்பித்தது. திரையில் முதலில் மெல்லிய கோடுகள். அப்புறம் சோபாவின்மேல் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். கடைசியில் திரையே இருண்டு, 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது. விசிறி மட்டும் உள்ளே இரைந்துகொண்டிருந்தது.

செக்கருக்கு ஆச்சரியமே இல்லை. மனைவியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் அந்த ஃபிரெண்டு இன்னொரு முறை வந்து போனதாக அவள் சொன்னாள். "டீ குடிச்சிட்டுப் போச்சு அந்தப் பிள்ளை" என்றாள். டீ குடிக்க வந்தானாம். நல்ல கார்டை எடுத்துக்கொண்டு, செத்த கார்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான், மாப்பிள்ளையும் அதற்குக் கூட்டு என்று செக்கர் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. குற்றவாளியை ஓடவிட்டுப் பிடிப்பது அவர் பாணி.

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். திரைக்குப் போகும் கேபிளை மாற்றினான். கோடுகள் போகவில்லை. ஹாலில் இருந்த டிவியைத் தூக்கி வந்து இணைத்தான். டிவியிலும் அதே பச்சை, அதே ஊதா. "அப்ப திரை மேல தப்பு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கார்டை ஓட்டுகிற டிரைவர் என்கிற மென்பொருளை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தான். கேபிளைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டில் நேராகச் செருகினால் மட்டும் படம் சுத்தமாக வந்தது. ஆனால் அந்தப் பெரிய வேலை நத்தையாய் நகர்ந்தது. செக்கர் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பின்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். திருடனே ஊரைக் கூட்டித் திருடனைத் தேடுகிறானே, என்ன நடிப்பு என்று நினைத்தார். அவன் முதுகு வேர்வையில் நனைந்திருந்ததும் அவர் கணக்கில் சந்தேகமாகத்தான் சேர்ந்தது. மடியில் கனமில்லாதவனுக்கு ஏன் வேர்க்கிறது?

"கார்டுலதான் ஏதோ இருக்கு மாமா. கழட்டித் துடைச்சு, மறுபடி மாட்டிப் பார்க்கிறேன்" என்று மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"தொடாதீங்க" என்றார் செக்கர்.

அன்றைக்கு அந்த ஸ்க்ரூடிரைவரை விட்டிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்து, எல்லோரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். விடுவாரா! தனியாகத் திறந்தால் அடையாளத்தைப் பற்றி அவர் சொல்வதற்குச் சாட்சி ஏது? மூன்றாவது ஆள் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு, தகடும் பெட்டியும் சேரும் இடத்தில் குறுக்காக ஒட்டினார். சீல்.

மகள் அதைப் பார்த்தாள். இடது கண் சுருங்கியது.

"என்னப்பா இது?"

"தூசி போகாம இருக்கத்தாம்மா."

"அவரோட பெட்டிய அவரே தொடக் கூடாதுன்னு சீல் வைக்கிறீங்க. இவ்வளவு நாளா பொறுத்துட்டிருந்தேன்ப்பா. அவர் வெளிய போனா எங்கன்னு கேப்பீங்க, வந்தா பையப் பாப்பீங்க. இனி ஒரு தடவை அவரைச் சந்தேகப்பட்டீங்கன்னு தெரிஞ்சுது, நாங்க தனியா வீடு பார்த்துட்டுப் போயிடுவோம். சும்மா சொல்லல."

"நான் யாரையும் சந்தேகப்படலம்மா. பொருளைக் காப்பாத்துறேன். ஒரு ரிப்பேர் கடையில வச்சுத் திறந்துக்கலாம்" என்றார் செக்கர். அவள் சொன்னால் செய்வாள். அவர் பெற்ற பிள்ளை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் யாருக்காகக் காவல் இருப்பது? ஆனாலும் கடையில் கார்டை வெளியே எடுத்து, அதில் அடையாளம் இல்லை என்று நிரூபித்துவிட்டால், அவளே 'நீங்க சொன்னதுதான் சரிப்பா' என்று சொல்லிவிடுவாள். அந்த நம்பிக்கையில் வைத்த அடியைப் பின்னால் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை சீலைக் கிழிக்கவில்லை. "சரி மாமா, கடையிலயே பார்த்துக்கலாம்" என்று ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

பக்கத்துத் தெருவில் இருந்த கடை வேண்டாம் என்றார் செக்கர். அந்தக் கடைக்காரன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவன். தூரத்தில், வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு கடையைக் கண்டுபிடித்தார். மகளும் மாப்பிள்ளையும் கூட வர, பெட்டியைப் போர்வையில் சுற்றி வாடகை வண்டியில் ஏற்றி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். கடை ஒரு அம்மாவுடையது. மேஜை விளக்கு, தூரிகை, ரப்பர் விரிப்பு, சுவரெல்லாம் தொங்கும் கேபிள்கள். அந்த அம்மாள் போர்வையை விலக்கியதும் சீலைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"இது யாரு, கோர்ட்ல இருந்து ஒட்டினாங்களா?"

அவள் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். கார்டைக் கழற்றி ஓரமாக வைத்து, அந்த இடுக்கில் தன்னிடம் இருந்த வேறொரு கார்டைச் செருகி, மாப்பிள்ளையின் பெரிய படத்தை ஓடவிட்டாள். சுத்தமாக ஓடியது. பிறகு இவர்கள் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பச்சைக் கட்டங்கள்.

"உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு கார்டுலதான்."

இதற்காகத்தானே செக்கர் காத்திருந்தார்! "ஒரு நிமிஷம், அதைக் கையில குடுங்க" என்று வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பற்களைச் சாய்த்தார். மகளைப் பக்கத்தில் கூப்பிட வாயும் எடுத்தார்.

பளபளப்பு இருந்தது. அவர் இழுத்த இழுப்பு, ஆரம்பித்த இடம், முடித்த இடம், எல்லாம் அப்படியே. அதே கார்டு.

திறந்த வாயை மூடிக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்கார அம்மாளின் கண்ணிலும் இப்போது அது பட்டுவிட்டது. "இருங்க, இங்க என்னமோ மின்னுதே" என்று நகத்தால் சுரண்டினாள். மெல்லிய தோலாக உரிந்து வந்தது. மோந்து பார்த்தாள்.

"நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு. பல்லு மேல பூசியிருக்காங்க. அப்புறம் எப்படி கரண்ட் போகும்? பாதிப் பல்லு கடிக்கவே இல்ல. சின்ன வேலைன்னா எப்படியோ ஓட்டியிருக்கும், பெருசு வந்ததும் படுத்துடுச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான். யாரு செஞ்சது?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. செக்கர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கார்டைப் பார்த்தான். பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்தான். சாப்பாட்டு நேரத்துக் கதைகளை ஒழுங்காகக் கேட்டிருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"நான்தான்" என்றான்.

"நீங்களா?" என்றாள் மகள்.

"ஆமா. ஒரு அடையாளத்துக்கு. மாறிடக் கூடாதேன்னு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். கழுத்து சிவந்துவிட்டது. கடைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பற்களைத் துடைத்தாள். கார்டை மாட்டினாள். சோபா சோபாவாக வந்தது, சுவரில் வெயில் வெயிலாக விழுந்தது. செக்கர் எதையும் பார்க்கவில்லை. ஏன் இவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான், இதில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பழக்கதோஷம்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் தெளிவாகவே கேட்டது.

"நெயில் பாலிஷைப் பூசி, மாறிடக் கூடாதேன்னு யாரை நினைச்சு அடையாளம் வச்சீங்க? இந்த வீட்ல இருக்கிறது நாலு பேர். நானா? அம்மாவா? எங்க அப்பாவையா சந்தேகப்பட்டீங்க?"

மாப்பிள்ளையின் குரல் கேட்கவில்லை.

"அந்தக் கார்டை வாங்கிக் குடுத்ததே அவர். வாங்கிக் குடுத்ததை அவரே திருடுவாரா? அவர் எல்லாரையும் சந்தேகப்படுவார், அது எனக்கும் பிடிக்காது. ஆனா அடுத்தவன் பொருள்ல ஒரு ஆணியைக்கூட தொட்டதில்ல எங்க அப்பா. அவருக்காக உங்ககிட்ட பேச வேண்டியவ, உங்களுக்காக அவர்கிட்ட சண்டை போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

செக்கர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் தனக்காகப் பேசுகிறாள். எத்தனை நாளாக ஏங்கிய பேச்சு அது. ஒவ்வொரு வார்த்தையும் நெருப்பாகச் சுட்டது. எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுந்து போங்க" என்றாள்.

"எங்க?"

"அந்த நெயில் பாலிஷ் பாட்டில் மூடியத் திறக்க முடியாம அவ என்கிட்ட கொண்டு வந்தா. இந்த வீட்ல மூடிய அப்படி இறுக்கி மூடுற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை வாயே திறக்காது. போய்ச் சொல்லுங்க."

சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் போக மாட்டாள். ஆனால் கட்டினவன்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிடும். சந்தேகம் என்றால் என்ன, அது ஒரு மனுஷனுக்குள் எப்படி வளரும், எதையெல்லாம் தின்னும் என்று இந்த உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதை அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் நின்றான்.

"அடையாளம் வச்சது நான்தாம்மா" என்றார் செக்கர்.

அவள் அவரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இடது கண் சுருங்கியது.

"அவர் சொல்லச் சொன்னாரா?"

"இல்லம்மா."

"அப்ப அம்மா சொன்னாங்களா? எங்களுக்குள்ள சண்டை வரக் கூடாதுன்னு நீங்க பழிய ஏத்துக்கிறீங்க. அப்படித்தானே?"

செக்கர் திகைத்துப்போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அதையும் நம்ப ஆளில்லை. "உண்மையா நான்தான்" என்றார். திருட்டுப் பயலும் இதே வார்த்தையைத்தான் சொல்வான் என்று அவருக்கே தோன்றியது.

"என்னைக்கு வச்சீங்க?"

"நீங்க துணிக்கடைக்குப் போனப்போ."

"தலைவலின்னீங்களே?"

"பொய்."

"எதால வச்சீங்க?"

"உன் அலமாரில இருந்த பாட்டில்."

"எந்தத் தட்டுல இருந்துச்சு?"

"ரெண்டாவது தட்டு. சீப்புக்குப் பக்கத்துல."

"ஏன்?"

வாசலில் எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பார். அவர்களுக்கு வாய் உலர்ந்ததும், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்ததும் இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குற்றம் செய்யாதவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை கார்டை மாத்திடுவாரோன்னு நினைச்சேன். மாத்திட்டார்னே நினைச்சேன்" என்றார்.

மகள் நம்பிவிட்டாள். நம்பினதும் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை வெளியே இழுத்தாள். மூடியைத் திறந்து, கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் போட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை "வேணாம், விடு" என்றான். அவள் விடவில்லை.

"போகாதம்மா" என்றார் செக்கர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷன். "நீ போனா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கை நின்றது. திரும்பாமலே கேட்டாள். "இனிமே சந்தேகப்பட மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டிருக்கலாம். வேறு யாராவது என்றால் சொல்லியிருப்பார்கள். "அது முடியாதும்மா" என்றார் அவர். "வரும். நான் கூப்பிட்டா வர்றது இல்ல அது. ஆனா வந்தா மறைவா எதுவும் பண்ண மாட்டேன். நேரா கேட்டுடுறேன்."

"ஒரு தடவைதான் கேக்கணும்."

"சரி."

"அவர் என்ன பதில் சொன்னாலும் நம்பணும். அடுத்த கேள்வி கேக்கக் கூடாது."

வாசலில் அவர் பிடித்தவர்கள் எல்லோரும் அடுத்த கேள்வியில் அகப்பட்டவர்கள். முதல் கேள்விக்கு எவன் வேண்டுமானாலும் பதில் வைத்திருப்பான். செக்கர் திறந்து கிடந்த சூட்கேசைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

"எங்க, இப்பவே கேளுங்க. மனசுல என்ன இருக்கோ அதைக் கேளுங்க."

மனதில் எத்தனையோ இருந்தன. வந்த ஆள் யார், ஏன் பையை மூடியிருந்தான், இரண்டாவது முறை எதற்கு வந்தான். எல்லாம் வரிசையில் நின்றன. ஜன்னல் பக்கம் நின்றவனை நிமிர்ந்து பார்த்தபோது, அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது.

"என் மேல கோவமா, மாப்பிள்ளை?"

"அதெல்லாம் இல்ல மாமா" என்றான் அவன். கழுத்து சிவந்துவிட்டது. கடையில் சிவந்ததைவிட அதிகமாக.

பச்சைப் பொய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தாலும் செக்கர் கண்டுபிடித்திருப்பார். அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் ஏறி வந்து முட்டியது. மகள் துணியைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி மாப்பிள்ளை" என்றார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் துணியை மறுபடியும் கொடியில் போட்டாள்.